இலைக்கோழிக்கு ஒரு வேலி

முதல் ஷிஃப்ட் மதியம் இரண்டு மணிக்கு முடிந்துவிடும். ஒரகடத்திலிருந்து படப்பைக்கு பைக்கில் இருபது நிமிடம்தான். ஆனால் ஷாலின் வெளியூரில் இருக்கும் நாட்களில் ஃபிரடி நேராக வீட்டுக்குப் போவதில்லை. தொழிற்சாலை மதிலை ஒட்டிய மண்பாதையில் வண்டியைத் திருப்பி, பின்னாலிருக்கும் ஏரிக்கரையில் போய் உட்கார்ந்துகொள்வான். வீட்டில் அவளுடைய சட்டைகள் மாட்டியிருக்கும் பீரோவைத் திறந்து பார்க்காமல் ஒரு மணி நேரத்தை ஓட்டிவிடலாம்.

ஷாலின் காட்டுயிர்ப் புகைப்படக்காரி. கல்யாணமாகி ஐந்து வருடங்களில் அவள் வீட்டில் இருந்த நாட்களைக் கூட்டினால் இரண்டு வருடம்கூடத் தேறாது. தண்டலத்துக் கல்லூரியில் விலங்கியல் படித்துவிட்டு, முதலில் கல்யாணங்களுக்குப் படம் எடுத்தவள். ஃபிரடியின் சித்தி மகள் திருமணத்துக்கு அவள்தான் வந்திருந்தாள். சர்ச் வாசலில் லைட் பிடிக்க வேண்டிய ஆள் வராமல்போக, மாப்பிள்ளைத் தோழனாக நின்ற ஃபிரடியைக் கூப்பிட்டு, "அண்ணா, இதைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க" என்றாள். மூன்று மணி நேரம் தூக்கிப் பிடித்தான். அடுத்த வருடம் அதே சர்ச்சில் அவர்களுக்குத் திருமணம் நடந்தது. "அண்ணான்னு கூப்பிட்டவளையே கட்டிக்கிட்டான்" என்று ஃபிரடியின் அம்மா அன்னபுஷ்பம் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

பிறகு வால்பாறை, மசினகுடி, கட்ச், லடாக் என்று அவள் போய்க்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு முறையும் ஃபிரடி பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்து, "நல்ல சான்ஸ், போயிட்டு வா" என்று சொல்லி அனுப்பினான். தகடு அழுத்தும் ப்ரஸ் ஷாப் மெயின்டெனன்ஸில் அவனோடு வேலை செய்பவர்கள், "பொண்டாட்டியை இப்படி அனுப்பறதுக்கு ஒரு மனசு வேணும்ப்பா" என்பார்கள். அந்தப் பெயர் அவனுக்குப் பிடித்திருந்தது.

ஆகஸ்ட் கடைசியில் பெய்த மழையில் ஏரி பாதி நிரம்பியிருந்தது. செப்டம்பர் இரண்டாம் தேதி மதியம், அல்லி இலைகளின் மேல் ஒரு பறவை உட்கார்ந்திருப்பதை ஃபிரடி பார்த்தான். சாக்லேட் நிற உடம்பு, வெள்ளை இறக்கை, பிடரியில் மஞ்சள் பூசியதுபோல் ஒரு பளபளப்பு, அரிவாளாக வளைந்த நீண்ட கறுப்பு வால். ஷாலின் விட்டுப்போன பழைய பைனாகுலர் பைக் பெட்டியில் இருந்தது. எடுத்துப் பார்த்தான். பறவை எழுந்து நின்று உடம்பை உதறியபோது, அதன் கீழே ஈரமான இலைக்குவியலில் புளியங்கொட்டை நிறத்தில் நான்கு முட்டைகள் மின்னின.

பைனாகுலரில் போனை வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பினான். கட்ச்சின் புல்வெளியில் இருந்தவள் இரண்டே நிமிடத்தில் அழைத்தாள்.

"ஃபிரடி, இது நீளவால் இலைக்கோழி! நம்ம ஏரியிலயா? பொய் சொல்லாத."

"உன் பைனாகுலர் மேல சத்தியம்."

"யார்கிட்டயும் சொல்லாத. ஸ்டேட்டஸ்ல போடாத. உன் கம்பெனி குரூப்ல போட்டே, கொன்னுடுவேன். உக்காந்திருக்கறது ஆம்பள, தெரியுமா? இதுல பொம்பள முட்டை போட்டுட்டுப் போயிடும். இருபத்தாறு நாள் அடை காக்கறதும் அவன்தான், குஞ்சு வளக்கறதும் அவன்தான்."

"யாரோ நம்மாளு போல" என்றான் ஃபிரடி. அவன் சிரிப்புக்காகத்தான் சொன்னான். அந்தப் பக்கம் ஷாலின் சிரிக்கவில்லை.

பிறகு அவள், "அசாம் ப்ராஜெக்ட் கிடைச்சிருச்சு" என்றாள். பிரம்மபுத்திராவின் வெள்ளச் சமவெளியில், வெள்ளம் வரும்போது விலங்குகள் எங்கே போகின்றன, வடிந்த பின் எப்படித் திரும்புகின்றன என்று தொடர்ந்து படம் எடுக்கும் வேலை. இரண்டு வருடம் அங்கேயே தங்க வேண்டும். "பன்னெண்டாம் தேதி வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். இங்கிருந்து நேரா டெல்லி போய் அந்த ப்ராஜெக்ட்காரங்களப் பாக்கறதா இருந்தேன். அதை விடு. வீட்டுக்கு வர்றேன். திங்கள்கிழமை வர்றேன்."

"நல்ல சான்ஸ் ஷாலின். எடுத்துக்க" என்று அவன் வாய் தானாகச் சொன்னது.

போனை வைத்த பிறகு வெகுநேரம் அந்தப் பறவையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கூப்பிட்டு அவள் வந்ததில்லை. அவன் கூப்பிட்டதும் இல்லை. இது உட்கார்ந்த இடத்திலிருந்தே அவளை வரவழைத்துவிட்டது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை எத்தனை ஏரிகள் இருக்கின்றன! கணவன் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் மதிலுக்குப் பின்னாலேயே இப்படி ஒன்று கிடைக்குமென்றால், அசாம் எதற்கு? தினமும் காலையில் அவள் இங்கே வந்து ஆசை தீரப் படம் எடுக்கட்டும். வெள்ளிக்கிழமைக்குள் அவளே, "நான் போகலை ஃபிரடி" என்று சொல்லிவிடுவாள். அவன் வாய் திறக்கவே வேண்டியதில்லை.

ஒரே ஒரு குறை. கரையிலிருந்து பார்த்தால் கூட்டுக்கு முன்னால் கோரையும் சம்பும் ஆளுயரம் நின்றன. தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தால்தான் பறவை தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆராதனை முடிந்ததும் எல்லப்பனைத் தேடிப் போனான். எல்லப்பன் அந்த ஏரித் தண்ணீரில் நெல் விளைத்த குடும்பத்துக்காரர். இப்போது அதே நிலத்தில் எழுந்த தொழிற்சாலையில் புல்வெளிக்குத் தண்ணீர் விடுகிறார். லீவு நாளில் லாரி டியூபில் மிதந்து மீன் பிடிப்பார்.

"எல்லப்பண்ணே, ஒரு உதவி."

"உன் வூட்டுக்காரம்மா வருதா? மூஞ்சில பல்பு எரிஞ்சிக்கினு கீது. சொல்லு, இன்னா செய்யணும்?"

டியூபின் மேல் பலகை போட்டு இருவரும் போனார்கள். எல்லப்பன் கருக்கரிவாளால் கோரையை அறுத்துத் தள்ள, கரைக்கும் கூட்டுக்கும் நடுவே ஜன்னல் திறந்ததுபோல் வழி தெரிந்தது. ஃபிரடிக்கு மனம் நிறைந்தது. தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடமாக அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான். தேவையில்லாததை அகற்று, பார்வைக்குத் தடை இருக்கக்கூடாது, ஆபத்து இருக்கும் இடத்தைச் சுற்றிக் கட்டு. கழற்றிப்போட்ட மெஷினைச் சுற்றி மஞ்சளும் கறுப்புமான நாடாவைக் கட்டிவிட்டால் ஜெனரல் மேனேஜர்கூட அந்தப் பக்கம் கால் வைக்கமாட்டார். அப்படி ஒரு சுருள் நாடாவையும் நான்கு சவுக்குக் கழிகளையும் அவன் கொண்டுவந்திருந்தான். கூட்டுக்கு நான்கு புறமும் கழியை ஊன்றி நாடாவைச் சுற்றிக் கட்டினான்.

எல்லப்பன் பலகையில் குந்தியபடி பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன் தம்பி, அந்தக் கோழிக்கு ஒரு ஹெல்மெட்டும் குடுத்துடேன்."

"கிண்டல் பண்ணாதண்ணே. மீன் பிடிக்க வர்றவங்க தெரியாம மிதிச்சிடக்கூடாது இல்ல?"

"எங்காளுங்க எதுக்கு அத மிதிக்கப் போறானுங்க? சரி, கட்டு கட்டு. மாப்ள ஜோர்ல கீற."

வேலை முடியும்வரை பறவை பூனைக்குட்டிபோல் கத்திக்கொண்டு மேலே சுற்றியது. அவர்கள் கரையேறிப் பத்து நிமிடம் கழித்து வந்து உட்கார்ந்தது. ஃபிரடி நிம்மதியாக வீட்டுக்குப் போனான்.

திங்கட்கிழமை லீவு போட்டிருந்தான். ஷாலினின் விமானம் மதியம். அதற்கு முன் ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று காலை எட்டு மணிக்கு ஏரிக்கு வந்தவன் கரையிலேயே நின்றுவிட்டான். நான்கு கழிகளில் மூன்றின் மேல் காக்கைகள் உட்கார்ந்திருந்தன. ஏரியின் நடுவில் அதுவரை காக்கை உட்கார ஒரு குச்சிகூட இருந்ததில்லை. இலைக்கோழி இறக்கையை உயர்த்தி இந்தப் பக்கம் ஓடி ஒன்றை விரட்டியது. அதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து இன்னொன்று இறங்கி அலகில் எதையோ கவ்விக்கொண்டு பறந்தது.

செருப்போடு தண்ணீரில் இறங்கினான். இடுப்பளவு சேற்றில் தடுமாறிப் போய்க் கழிகளைப் பிடுங்கினான், நாடாவை அறுத்துச் சட்டைக்குள் திணித்துக்கொண்டான். அறுத்துப்போட்ட கோரையை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. கூட்டில் இரண்டு முட்டைகள் இருந்தன.

அன்று சாயங்காலம் வீடு நிறைந்திருந்தது. அன்னபுஷ்பம் கதவைத் திறந்ததுமே ஆரம்பித்தாள்.

"வாம்மா ராசாத்தி. புலி, கரடி, நரி எல்லாம் உன்னைப் பாத்துருச்சு. நான்தான் பாக்காம கெடந்தேன்."

"அதுங்க யாரும் எனக்கு வஞ்சிரம் வறுத்துத் தரல அத்தை. அதான் ஓடி வந்துட்டேன்."

"இந்தப் பேச்சுக்கு ஒண்ணும் கொறச்சலில்ல. எப்படிக் கறுத்துப்போயிருக்கா பாரு. ஃபிரடி, என்னடா பேயறஞ்ச மாதிரி நிக்கிற? பையை உள்ள வை."

ஷாலின் மாமியார் எதிரில் அவனை 'நீங்க' என்பாள். தனியாக இருக்கும்போது 'நீ'. அறைக்குள் வந்து பையை வைத்தவனின் சட்டைக் காலரைப் பிடித்துச் சரிசெய்து, "எப்படிடா இருக்க நீ?" என்று கேட்டாள். அவள் முடியில் புழுதியின் வாசனை இருந்தது. அவன் அவளை நேரில் பார்த்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

அந்த வாரம் அவனுக்கு இரண்டாம் ஷிஃப்ட், காலைகள் ஓய்வு. செவ்வாய்க்கிழமை விடிந்ததும் இருவரும் ஏரிக்கு வந்தார்கள். ஷாலின் கரைமேல் ஏறி, பைனாகுலரைக் கண்ணில் வைத்தாள். வெகுநேரம் எடுக்கவே இல்லை. எடுத்தபோது முகம் மாறியிருந்தது.

"நாலுன்னு சொன்ன. ரெண்டுதான் இருக்கு."

அவன் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தான்.

"யார் ஃபிரடி இதை வெட்டினது? அருவாளால வெட்டியிருக்காங்க. பாரு, ஒரே மட்டமா."

"மீன் பிடிக்கிறவங்களா இருக்கும்" என்றான்.

அந்த ஒரு வாக்கியம் அவ்வளவு எளிதாக வெளியே வந்துவிட்டது. ஷாலின் தோளிலிருந்த கேமராப் பையைத் திறக்கவே இல்லை. அவன் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்க் கரையின் மறுசரிவில், தலை மட்டும் தெரியும்படி உட்கார்ந்தாள்.

"படம் எடுக்கலையா? இப்போ நல்லாத் தெரியுதே."

"அதான் எடுக்க மாட்டேன். நமக்குத் தெரிஞ்சா காக்காவுக்கும் தெரியும், பருந்துக்கும் தெரியும். புல்லு நம்மள மறைக்குதுன்னு நாம நினைக்கிறோம். அவனுக்கு அதுதான் வீடு, கூரை, கதவு எல்லாம். இப்ப நான் நிமிர்ந்து நின்னாலே அவன் எழுந்திருவான். எழுந்தா முட்டை மேல வெயில். எனக்கு ஒரு படம் கிடைக்கும். அவனுக்கு?"

போன வருடம் ஜூன் மாதம் தொழிற்சாலையில் சுற்றுச்சூழல் தினத்துக்கு அவளைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். கேன்டீனில் இருநூறு பேர் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். "மேடம், புலி உங்கள முறைச்சுதா?" என்று வெல்டிங் பகுதி ஆள் ஒருவர் கேட்க, "என் மாமியார் அளவுக்கு இல்ல" என்று சொல்லி முதலிலேயே சிரிக்கவைத்துவிட்டாள். பிறகு, தான் எடுத்த படங்களைக் காட்டுவதை விட்டுவிட்டு, எடுத்திருக்கக் கூடாத ஒரு படத்தைப் பற்றிச் சொன்னாள். தொழிலுக்கு வந்த முதல் வருடம். போனில் பதிந்த பறவைக் குரலை ஒலிக்கவிட்டு, புதருக்குள் இருந்த ஒரு பறவையை வெளியே வரவழைத்தாளாம். எதிரி வந்துவிட்டதென்று நினைத்து அது கூட்டை விட்டு வெளியே வந்து வந்து கத்தியது. நாற்பது நிமிடம். படத்துக்குப் பரிசு கிடைத்தது. மறுநாள் போய்ப் பார்த்தபோது கூட்டில் எறும்பு மொய்த்திருந்தது. "அதுக்கப்புறம் நான் கத்துக்கிட்டது ஒண்ணுதான். அது தானா வந்தா எடுப்பேன். வரலைன்னா பாத்துட்டு வந்துடுவேன். நாம போனதே அதுக்குத் தெரியாம இருக்கணும்" என்றாள். கேன்டீனே தட்டுச் சத்தமில்லாமல் இருந்தது. இவ்வளவு பேருக்கு முன்னால் தன் தப்பைச் சொல்ல இவளால் எப்படி முடிகிறது என்று ஃபிரடி அன்று வியந்திருந்தான்.

இப்போது கரைச்சரிவில் அவள் தோள் அவன் தோளில் பட்டுக்கொண்டிருந்தது.

"நான் அசாம் போகல" என்றாள் ஷாலின்.

ஃபிரடிக்கு முதலில் காதில் விழுந்ததே புரியவில்லை.

"ஊர் ஊராப் போய் வெள்ளத்துல தப்பிச்ச மானைப் படம் எடுக்கறேன். என் வீட்டுக்குப் பக்கத்துல இதுக்கு ஒரு நாதி இல்ல. இங்கயே இருக்கேன். இந்த ஏரியப் பாத்துக்கறேன். வெள்ளிக்கிழமை மெயில் போட்டுடறேன்."

அவன் கேட்க நினைத்த அதே வார்த்தைகள். நினைத்ததைவிட மூன்று நாள் முன்னதாகவே வந்துவிட்டன.

புதன்கிழமை அவனுக்கு அவளே சாப்பாடு கட்டிக் கொடுத்தாள். கேன்டீனில் டப்பாவைத் திறந்தால் தேங்காய்ப்பால் சோறும், ஓரத்தில் ஊறுகாயும், மூடிக்குள் ஒட்டிய துண்டுச் சீட்டில், "உப்பு குறைவு, திட்டாதே" என்ற எழுத்தும் இருந்தன. வீட்டில் அன்னபுஷ்பம் புது ஜன்னல் திரைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தாள். மருமகள் இனிமேல் இங்கேதான் என்று சர்ச் பாடகர் குழுவில் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. மாலையில் ஷாலின் மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது போன் செய்து, "சும்மாதான். என்ன பண்ற?" என்று கேட்டாள். ஐந்து வருடத்தில் அவள் சும்மா போன் செய்தது அதுதான் முதல் தடவை. ப்ரஸ்ஸின் இரைச்சலுக்கு நடுவே போனைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான். இப்படி ஒரு வாழ்க்கைக்குத்தான் அவன் ஏங்கிக்கிடந்தான். ஆனால் ஒவ்வொரு கவளத்திலும் காக்கை கொண்டுபோன அந்த இரண்டு முட்டைகள் நினைவுக்கு வந்தன.

வியாழக்கிழமை ஷிஃப்ட்டுக்குள் நுழையும்போது கேட் அருகே தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடி எல்லப்பன் நின்றிருந்தார். வழக்கமான கிண்டல் இல்லை.

"தம்பி, உன் வூட்டுக்காரம்மா காலைல ஏரிக்கு வந்துச்சி. என் மச்சான் வலை போட்டுக்கினு இருந்தான்."

"திட்டிட்டாங்களாண்ணே?"

"திட்டியிருந்தா பரவால்ல. கைய கூப்பிச்சிப்பா. 'அண்ணா, தெரியாம வெட்டிட்டீங்க, இன்னொரு வாட்டி வெட்டாதீங்க'ன்னு கெஞ்சிச்சி. அவன் இன்னா ஏதுன்னு புரியாம முழிச்சிக்கினு நிக்கறான். பொறவு நான் வெட்டலன்னான். அது நம்பல. 'பரவால்லண்ணா'ன்னு சொல்லிட்டுப் போச்சி." எல்லப்பன் குழாயை வேறு பக்கம் திருப்பினார். "வெட்டின கை என்னுது. வாய தொறக்க எவ்ளோ நேரம் ஆவும்? தொறக்கல. நீயா தொறப்பன்னு பாத்துக்கினு கீறேன்."

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலை ஆறரை மணிக்கு இருவரும் கரைச்சரிவில் உட்கார்ந்திருந்தார்கள். ஷாலின் மடியில் போன் இருந்தது. எழுதி முடித்த மெயிலை ஒருமுறை படித்துக் காட்டினாள். அனுப்ப விரலை வைக்கும்போது ஃபிரடி அவள் கையைப் பிடித்தான்.

"நான்தான் வெட்டினேன்."

அவள் அவனைப் பார்த்தாள்.

"எல்லப்பண்ணனைக் கூட்டிட்டுப் போய் நான்தான் வெட்டச் சொன்னேன். உனக்கு நல்லாத் தெரியணும்னு. சுத்திக் கழி நட்டு, எங்க கம்பெனி டேப்பைக் கட்டினேன். அந்தக் கழியில காக்கா வந்து உக்காந்துடுச்சு. திங்கட்கிழமை காலைல பாத்தேன். பாத்துட்டு எல்லாத்தையும் பிடுங்கி ஒளிச்சு வச்சேன்."

"டேப்பா?" என்றாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. "கூட்டுக்கு டேப் கட்டினியா?"

"பாதுகாப்புன்னு நினைச்சேன்."

"அந்த மனுஷன் கிட்டப் போய்க் கை கூப்பினேனே ஃபிரடி. அவர் இல்லன்னு சொல்லச் சொல்ல நம்பாம வந்தேனே."

"நான் போய்ச் சொல்றேன் அவர்கிட்ட."

"நீ சொல்லு. நானும் சொல்லணும்." முழங்காலைக் கட்டிக்கொண்டு ஏரியைப் பார்த்தாள். பின் மெதுவாக, "இதை நீ சொல்லாம இருந்திருந்தா நான் இங்கயே இருந்திருப்பேன். உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் சொல்றியா?"

"ஆமா."

வெயில் மதிலைத் தாண்டி ஏரிமேல் விழுந்தது. தொழிற்சாலையில் மூன்றாம் ஷிஃப்ட் முடியும் சைரன் எப்போதோ ஒலித்து ஓய்ந்திருந்தது.

"அஞ்சு வருஷம்" என்றாள் ஷாலின். "ஒவ்வொரு தடவையும் பெட்டிய நீதான் தூக்கி வைக்கிற. 'நல்ல சான்ஸ், போயிட்டு வா.' ஒரு நாள், ஒரே ஒரு நாள், போகாதன்னு சொல்லுவன்னு வண்டி திரும்பற வரைக்கும் பாத்துட்டுப் போவேன். சொன்னதில்ல. நான் இல்லாதது உனக்கு ஒண்ணுமே இல்லையோன்னு கூட நினைச்சிருக்கேன். இப்பப் பாரு, ஒரு பறவையை விட்டுச் சொல்ல வச்சிருக்க."

"சொன்னா நீ போகாம இருந்துடுவியோன்னு பயம். அப்புறம் என்னால உன் வேலை போச்சுன்னு ஆயிடும்."

"அதை முடிவு பண்ண வேண்டியது நான்தானே? இப்பச் சொல்லு."

"என்ன?"

"சொல்லுடா."

"போகாத ஷாலின்" என்றான். "நீ இல்லாம வீடு வீடாவே இல்ல. ரெண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிஞ்சா போறதுக்கு எடமில்லாம இங்க வந்து உக்காந்திருக்கேன். போகாத."

அவள் அழுதாள். அழுதுகொண்டே அவன் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். பிறகு அந்தத் தோளிலேயே முகத்தை வைத்துக்கொண்டாள். அப்படியே எவ்வளவு நேரம் இருந்தார்களோ, திடீரென்று அவள் உடம்பு விறைத்தது.

"அசையாத. அங்க பாரு."

இலைக்கோழி கூட்டிலிருந்து இறங்கியிருந்தது. ஒரு முட்டையைத் அலகுக்கும் மார்புக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, நீண்ட விரல்களால் இலைகளை அளந்தபடி, பின்னோக்கி நடந்துகொண்டிருந்தது. நழுவியபோது நின்றது, அலகால் உருட்டிச் சரிசெய்தது, மறுபடி இழுத்தது. அறுக்காமல் விட்ட கோரையின் ஓரத்தில், அது தானே சேர்த்த நான்கைந்து ஈரத் தண்டுகளின் மேல் முட்டையை ஏற்றியது. பிறகு இரண்டாவதற்காகத் திரும்பி வந்தது.

"இடம் மாத்தறான்" என்று ஷாலின் முணுமுணுத்தாள். "புத்தகத்துலதான் படிச்சிருக்கேன். காலேஜ்லேர்ந்து பன்னெண்டு வருஷமாப் பறவை பாக்கறேன், இதைப் பாத்ததே இல்ல."

கேமராப் பை அவள் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. ஜிப்பைத் திறக்கும் சிறு சத்தம்கூட அந்த நேரத்தில் பெரிதாகக் கேட்கும். அவள் கை பைக்குப் போகவில்லை. ஃபிரடியின் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தது. இரண்டாவது முட்டை கோரைக்குள் மறைந்து, பறவையும் மறைந்து, அல்லி இலைகள் மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருக்கும்வரை விடவே இல்லை.

"நான் போறேன் ஃபிரடி" என்றாள் பிறகு. "கோவத்துல இல்ல. அந்த வேலை எனக்கு வேணும். இந்த ஏரியச் சாக்கா வச்சு இங்க இருந்தேன்னா, ஒரு வருஷத்துல ஏரியையும் வெறுப்பேன், உன்னையும் வெறுப்பேன். ஆனா மூணு மாசத்துக்கு ஒரு தடவை பதினஞ்சு நாள் வீடு. அதை எழுதிக் கேக்கப்போறேன். முடியாதுன்னா வேற ஆளப் பாக்கட்டும்."

அசாம் ப்ராஜெக்ட்காரர்கள் சரி என்றார்கள். எல்லப்பனின் மச்சானிடம் இருவரும் போனார்கள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "டேப்பு கட்டினாரா?" என்று மூன்று தடவை கேட்டார். பிறகு இரண்டு கெளுத்தி மீன் கொடுத்தனுப்பினார். அன்னபுஷ்பம் இரண்டு நாள் மகனோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "அளவெடுத்தாச்சு, திரையை எப்படியும் தெச்சுடறேன். மூணு மாசம் கழிச்சு வந்து பாக்கட்டும்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை காலை பெட்டியை வண்டியில் வைக்கும்போது ஃபிரடி ஒன்றும் சொல்லவில்லை. வண்டி கிளம்பியதும் ஜன்னலோரம் கூடவே பத்தடி நடந்து, "போகாத" என்றான். ஷாலின் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், போனாள்.

முட்டை பொரியும்வரை கரையின் மறுசரிவைத் தாண்டக் கூடாது, போனில் படம் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். ஃபிரடி ஷிஃப்ட் மாறும் நேரங்களுக்கு ஏற்பக் காலையிலோ மதியத்திலோ வந்து உட்கார்ந்தான். கோரை மறைத்தது. பல நாட்கள் ஒன்றும் தெரியவில்லை. தெரியாமல் இருப்பதுதான் நல்லது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனாலும் கண்கள் தேடின.

செப்டம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை, கோரையின் ஓரத்தில் பறவை வெளியே வந்தது. அதன் பின்னால், தீக்குச்சிக் கால்களும் உடம்பைவிடப் பெரிய பாதங்களுமாக ஒரு குஞ்சு அல்லி இலை மேல் தடுக்கி விழுந்து எழுந்தது. ஃபிரடி மூச்சைப் பிடித்துக்கொண்டான். சற்றுப் பொறுத்து இன்னொன்று வந்தது.

பிரம்மபுத்திராவில் ஷாலின் தங்கியிருந்த தீவில் சிக்னல் இல்லை. வாரத்துக்கு ஒருமுறை படகில் வந்து, வெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய மேட்டின் மேல் ஏறி நின்று பேசுவாள். பத்து மணிக்கு போன் வந்தது. காற்றும் தண்ணீரும் சேர்ந்த இரைச்சலுக்குள் அவள் குரல் தொலைவில் கேட்டது.

"ஃபிரடி! கேக்குதா? இருபத்தாறு நாள் தாண்டிடுச்சே. ஏதாவது தெரிஞ்சுதா?"

அவன் கரைச்சரிவில் புல்லோடு புல்லாகப் படுத்துக்கொண்டு, போனைக் காதோடு அணைத்துக்கொண்டான். அவள் அங்கே மூச்சு வாங்குவது கேட்டது. ஓடி மேடேறியிருப்பாள்.

"சொல்லேன், என்னாச்சு?"

"அதை அப்புறம் சொல்றேன்" என்றான் ஃபிரடி. "எனக்கு உன்னைப் பாக்கணும்போல இருக்கு. நீ எப்ப வர்ற, அதை முதல்ல சொல்லு."